தியத்தலாவைப் பந்தயமும் திரைப் பந்தயமும்

ஊவா மாகாணத்தின் மலைச் சரிவுகளில் வாழ்வோருக்குச் சித்திரை மாதம் இரண்டு காரணங்களால் இனியது. ஒன்று புத்தாண்டு. கொழும்பிலும் பிற நகரங்களிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அந்த ஒரு வாரத்துக்காவது தோட்டத்து லயத்துக்குத் திரும்புவர். மற்றொன்று, அந்தப் பருவத்தில் மலைநாட்டில் நடைபெற்றுவந்த மோட்டார்ப் பந்தயங்கள். நுவரெலியாவிலே மஹகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து வீதியில் மலையேற்றப் பந்தயம் தொடங்கியது 1934 ஆம் ஆண்டில். வெள்ளைத் துரைமாரின் பொழுதுபோக்காகப் பிறந்த அந்த விளையாட்டு, காலப்போக்கில் நாட்டு மக்கள் யாவருக்கும் உரியதாயிற்று. ஆனால், பதுளை மாவட்டத்தாருக்குத் தங்கள் சொந்தப் பந்தயம் என்றால் அது தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயமே.

தியத்தலாவை பழைய படைநகர். 1900 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போரில் சிறைப்பட்ட போயர்களை ஆங்கிலேயர் கொணர்ந்து அடைத்துவைத்த முகாம் இங்கேதான் இருந்தது. ஃபொக்ஸ் என்ற பெயர் கொண்ட ஆங்கிலக் கடற்படைக் கப்பலின் மாலுமிகள் வெள்ளைக் கற்களை அடுக்கி மலைமேல் ஒரு நரியின் உருவத்தை வரைந்ததனால், நரிமலை என்று பொருள்படும் அப்பெயர் அம்மலைக்கு வாய்த்தது என்பர். இன்று அது இலங்கை இராணுவக் கல்விக்கழகத்தின் நிலம். அங்கே மண்ணாலும் சரளையாலும் அமைந்த வளைந்த பாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் புழுதி பறக்க ஓடும்.

அந்தப் பந்தயத்தைக் காண வருவோர் வெறும் வேடிக்கை பார்ப்போர் அல்லர். ஹாலிஎலையிலிருந்தும் பசறையிலிருந்தும் ஹப்புத்தளையிலிருந்தும் வருகின்ற கூட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுவோர் இருப்பர். முச்சக்கர வண்டி ஓட்டுவோர் இருப்பர். பஸ் சாரதிகள் இருப்பர். மழையில் ஊறிய தோட்டத்து வீதியில், ஒருபுறம் மண்மேடும் மறுபுறம் பாதாளமுமாக உள்ள முடக்குகளில் நாள்தோறும் வண்டி திருப்புகிறவர்கள் இவர்கள். பெருஞ் செல்வர் ஒருவர் விலையுயர்ந்த காரில் வந்து ஒரு வளைவைத் தவறாக எடுத்தால், வேலியோரத்தில் நிற்கும் லொறிச் சாரதி அதனை முன்கூட்டியே அறிந்து சிரித்துவிடுவார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு நீதிபதியாக அமரும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கிறது?

2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் ஃபொக்ஸ் ஹில் பந்தயம் மீண்டும் நடைபெற்றது. 2019 இல் உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகள், பின்னர்ப் பெருந்தொற்று, அதன்பின் பொருளாதார நெருக்கடி என ஒன்றன்பின் ஒன்றாக வந்து தடுத்திருந்தன. அனுமதி இலவசம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு வந்தனர். பிற்பகலில் ஒரு கார் பாதையில் கவிழ்ந்தது. பின்னால் வருவோர் வேகத்தைத் தணிக்கும்படி மஞ்சள் சைகை காட்டப்பட்டது என்று செய்திகள் கூறின. ஆயினும் வண்டிகள் விரைந்தே வந்தன. அவற்றுள் ஒன்று பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நின்றோர்மீது பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் நால்வர் பந்தயப் பணியாளர். எட்டே வயதான ஒரு சிறுமியும் உயிரிழந்தாள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

புத்தாண்டுக்குத் தைத்த சட்டையை அணிந்துகொண்டு பந்தயம் பார்க்கப் போன குழந்தைகள் அன்று அந்த மலையில் எத்தனை பேர் நின்றிருப்பர்!

இவ்விபத்துக்கு முன்னோடி உலகில் இல்லாமல் இல்லை. பிரான்ஸ் நாட்டின் லெ மான் நகரில், 1955 ஜூன் 11 ஆம் நாள் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தின்போது லெவெக் என்பவர் ஓட்டிய மெர்சிடிஸ் கார் மற்றொரு காரின்மேல் ஏறித் தூக்கியெறியப்பட்டு, உடைந்த பாகங்கள் கூட்டத்தினுள் பாய்ந்தன. எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர் இறந்தனர். சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடை செய்தது. இரண்டாண்டின் பின், 1957 இல், இத்தாலியின் பொது வீதிகளில் நடைபெற்ற மில்லே மிலியா பந்தயத்தில் ஒன்பது பார்வையாளர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். அப்பந்தயம் அத்துடன் நிறுத்தப்பட்டது. லெ மான் பந்தயம் நிற்கவில்லை. அங்கே பாதையை அகலமாக்கினர். பார்வையாளர் மேடையைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினர். பாதைக்கும் மனிதனுக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்ற கணக்கு இவ்வாறு உயிர்விலை கொடுத்துக் கற்கப்பட்டது. தியத்தலாவைக்கு அந்தக் கணக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தாமதமாக வந்து சேர்ந்தது.

அதே லெ மான் பந்தயம் 2020 ஜூன் மாதத்தில் வேறொரு வகையாக நடைபெற்றது. கொரோனாப் பெருந்தொற்றினால் உண்மைப் பந்தயம் செப்டெம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. ஆகவே 50 கார்களும் 200 சாரதிகளும் இருபத்து நான்கு மணி நேரம் ஓடினர். ஆனால் எவரும் தம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் அறையில் திரைக்கு முன்னே அமர்ந்து ஓட்டினர். இதனையே திரைப் பந்தயம் எனலாம்.

இது கைத்தொலைபேசியைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டுகின்ற சிறுவர் விளையாட்டைப் போன்றதென எண்ணிவிடலாகாது. இதன் மூதாதை விமானிகளுக்கான பயிற்சி யந்திரம். 1929 ஆம் ஆண்டில் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், நிலத்தைவிட்டு எழாமலே விமானம் ஓட்டக் கற்பிக்கும் கூண்டு ஒன்றை அமைத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானிகள் பலர் அதில் பயின்ற பின்னரே வானில் ஏறினர். மோட்டார்ப் பந்தயத்துக்கும் அதே முறை பின்னாளில் வந்தது. உண்மையான பந்தயப் பாதைக்கு அளவையாளர் சென்று, லேசர் ஒளிக்கதிரை வீசி, பாதையின் மேடு பள்ளம் ஒவ்வொன்றையும் அளந்து வருவர். அந்த அளவுகள் கணினியினுள் ஒரு பாதையாகும். சாரதி திருப்பும் சுக்கானின் உள்ளே ஒரு மின்மோட்டார் இருக்கும். டயர் சறுக்கத் தொடங்கும்போது சுக்கான் கையில் தளரும், கல்லில் மோதினால் அதிரும். டயரின் வெப்பம், தேய்வு, எரிபொருளின் எடை, காற்றின் அழுத்தம் ஆகிய யாவற்றையும் ஒரு செக்கனுக்குப் பல நூறு தடவை கணினி கணக்கிட்டுக்கொண்டே இருக்கும்.

இப்படிப் பயின்றவன் உண்மை வண்டியில் ஓட்ட வல்லவனா என்ற ஐயம் இயல்பானது. 2019 ஜனவரியில் மெக்சிகோ நகரில் நடைபெற்ற சம்பியன்களின் பந்தயத்தில், திரையில் பெயர் பெற்ற என்சோ பொனிற்றோ என்ற இளைஞர், ஃபோர்முலா ஈ பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றிருந்த லூக்காஸ் டி கிராசியை உண்மைக் காரில், உண்மைப் பாதையில் தோற்கடித்தார். ஐயம் அன்றோடு பெரிதும் தீர்ந்தது. ஒலிம்பிக் குழுவும் 2021 இல் தான் நடத்திய மின்விளையாட்டுத் தொடரில் மோட்டார்ப் பந்தயத்தைச் சேர்த்துக்கொண்டது.

திரைப் பந்தயத்தின் ஒரு சுற்று, உண்மைப் பந்தயத்தின் ஒழுங்கையே பின்பற்றும். முதலில் பயிற்சி ஓட்டம், பிறகு தகுதி ஓட்டம், அதன் பின்னர் பந்தயம். நடுவர்கள் உண்டு, மோதல் நிகழ்ந்தால் பதிவைத் திருப்பிப் பார்த்துத் தண்டனை விதிப்பர். மஞ்சள் கொடியும் உண்டு. கொடி விழுந்த இடத்தில் ஒருவர் மற்றொருவரை முந்தினால், நடுவர் வாய் திறக்கும் முன்னே யந்திரமே தண்டனையை எழுதிவிடும். இந்த ஒன்றை மட்டும் நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நன்று.

திரைப் பந்தயத்துக்கும் தனக்கேயுரிய ஆபத்து உண்டு. அது கம்பியில் இருக்கிறது. மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு செக்கனில் 50 மீற்றர் செல்லும். பிறருடைய கார் எங்கே நிற்கிறது என்ற செய்தி பத்தில் ஒரு செக்கன் பிந்தி வந்தால், அந்தக் கார் அதற்குள் 5 மீற்றர் நகர்ந்திருக்கும். அதாவது ஒரு காரின் நீளத்துக்கும் சற்றே அதிகம். எனவே திரையில் காண்கின்ற பிறர் கார், கணினி ஊகித்த காரேயன்றி உள்ளபடியான கார் அன்று. 2020 மார்ச் மாதம் பஹ்ரேன் திரைப் பந்தயத்தில் நோரிஸ் என்னும் புகழ்பெற்ற சாரதி இணைப்புக் கோளாறினால் தொடக்கத்தில் ஓட்ட இயலாமற் போக, அவருடைய காரைக் கணினியே ஓட்டிற்று. 2023 ஜனவரியில் லெ மான் திரைப் பந்தயத்தில் உலகச் சம்பியன் வெர்ஸ்டாப்பன் முன்னணியில் இருந்தபோது இணைப்பு அறுந்தது. இழந்த சுற்றுகளை மீட்க வழியின்றி, கடுஞ் சினத்துடன் அவர் விலகினார். உலகச் சம்பியனுக்கே இந்தக் கதி என்றால், மலையிடுக்கில் உள்ள தோட்டத்திலே, சமிக்ஞை தேடிக் கையில் தொலைபேசியுடன் மேட்டுக்கு ஏறி நிற்கும் இளைஞனின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. சுக்கானும் மிதிகளும் நல்ல கணினியும் வாங்கும் செலவு ஒரு தொழிலாளியின் சில மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயத்து அறையில் அவற்றை வைக்க இடமும் வேண்டுமல்லவா?

ஆகையால், ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தை மூடிவிட்டுத் திரையிலே நடத்திவிடலாம் என்று கூறுவோரின் யோசனை பாதிதான் சரி. ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். அவர்களுக்குத் திரை எளிதில் கிட்டும். மலையில் வந்து நின்ற கூட்டத்துக்கோ அந்தத் திரையால் ஒன்றுமில்லை. புழுதியின் மணமும், நிலம் அதிர்வதும், அயலூர் உறவினரைச் சந்திப்பதும், தேநீர்க் கடையில் வளைவைப் பற்றி வாதிடுவதும் அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த விழா. விபத்துக்குக் காரணமானது அவர்கள் பார்க்க ஆசைப்பட்டது அன்று. அவர்களை நிற்க வைத்த இடம்.

திரைப் பந்தயத்தின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பாதையைக் கணினியினுள் கொண்டுவந்தால், அதில் ஒரே நாளில் ஆயிரம் முறை ஓடலாம். தேர்ந்தவனையும் ஓடச் செய்யலாம், தேராதவனையும் ஓடச் செய்யலாம். ஈரப் பாதையிலும் புழுதி கண்ணை மறைக்கும் பாதையிலும் ஓடச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் கார் எந்த வளைவில் பாதையை விட்டது, எத்தனை மீற்றர் தூரம் சென்று நின்றது என்பதைக் குறித்துக்கொண்டே வந்தால், மலையின் படத்தின்மேல் புள்ளிகள் குவியும். புள்ளிகள் நெருங்கிய இடத்தில் எவரும் நிற்கலாகாது. புள்ளியே விழாத மேட்டில் மேடை கட்டலாம். தார்ப் பாதையைவிட மண்பாதையைக் கணக்கில் அடக்குவது கடினம் என்பது மெய்யே. மண் ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறுகிறது. முன்னே போன கார் கிளறிய தடம் பின்னே வரும் காரைத் திருப்புகிறது. ஆயினும் குறைபாடுள்ள ஒரு கணக்கு, கணக்கே இல்லாமையை விட மேல். அதே யந்திரத்தில் சாரதிகளை அமர்த்தி, எதிர்பாராத வேளையில் மஞ்சள் கொடியைக் காட்டி, எத்தனை பேர் உண்மையாகவே வேகத்தைக் குறைக்கின்றனர் என்றும் பார்க்கலாம். குறைக்காதவருக்கு உண்மைப் பாதையில் இடமில்லை என்று விதி வகுப்பதில் தடையொன்றும் இல்லை.

இத்தகைய வேலைக்கு வெளிநாட்டு நிபுணரை எதிர்பார்க்க வேண்டுமென்பதும் இல்லை. நில அளவைத் திணைக்களத்தின் அளவை, படவரைவுப் பயிற்சி நிறுவனம் தியத்தலாவையிலேயே இருக்கிறது; நாட்டின் அளவையாளர் பலர் அங்கே பயின்றவர்கள். கணினி கற்கும் மாணவரைக் கொண்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையில் இருக்கிறது. நிலம் இராணுவத்தினுடையது. அந்த மலையின் எந்த முடக்கில் வண்டி கைமீறிப் போகும் என்று கேட்டால், கொழுந்து லொறி ஓட்டுகிற ஒருவர் இடத்தை விரலால் சுட்டிக் காட்டிவிடுவார். அளவையாளர் தம் கருவியை முதலில் நிறுத்த வேண்டிய இடம் அதுவே.