காற்று கலைத்ததைக் கைகள் சேர்த்தன

(குறுவள மைய அளவிலான அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பாடநூலுக்கு வெளியே அறிவியல்’ என்ற தலைப்பில் ஏதாவது பேசுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது பழைய விமானங்களைப் பழுது பார்க்கும் சிலருடைய கதை. விமானத்துக்கும் நம் பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள், போகப் போகத் தெரியும்.

அமெரிக்காவின் வடகிழக்கில் கனெக்டிகட் என்றொரு சிறிய மாநிலம். விமானத் தொழில் வேரூன்றிய மண் அது. ஹெலிகாப்டருக்குப் பெயர்பெற்ற சிகோர்ஸ்கி, விமான எஞ்சின் செய்யும் பிராட் அண்ட் விட்னி இரண்டுமே அந்த மாநிலத்து நிறுவனங்கள். அங்கே 1959-இல் விமான ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கைவிடப்பட்ட பழைய விமானங்களைத் தேடிக் கொண்டுவந்து, விடுமுறை நாள்களில் சம்பளமின்றிச் சீரமைத்தார்கள். 1968-இல் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரிலுள்ள பிராட்லி விமான நிலையத்தின் ஓரத்தில் அவற்றை அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரே ஒரு குறை: விமானங்கள் நிறைய, கூரை குறைவு. ஹேங்கர் எனப்படும் பெரிய விமானக் கொட்டகை கட்ட வசதியில்லாததால், பெரும்பாலான விமானங்கள் திறந்த வெளியிலேயே நின்றன.

1979 அக்டோபர் 3, புதன்கிழமை. பிற்பகல் சுமார் மூன்று மணி. டொர்னேடோ எனப்படும் சுழல்காற்று அந்த ஊருக்குள் புகுந்தது. நம் கடற்கரைக்கு வரும் புயலைப் போல நாள்கணக்கில் அறிவித்துவிட்டு வருவதல்ல இது. மேகத்திலிருந்து தும்பிக்கை போல இறங்கி, குறுகிய பாதையில் பாய்ந்து, சில நிமிடங்களில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போய்விடும். அந்தப் பகுதியில், அதுவும் அக்டோபர் மாதத்தில், இவ்வளவு வலிமையான சுழல்காற்று மிகவும் அரிது. மூன்று பேர் உயிரிழந்தார்கள். சுமார் 500 பேர் காயமடைந்தார்கள். அந்த நேரத்தில் தரையிறங்க வந்துகொண்டிருந்த ஒரு போயிங் 727 விமானத்தின் விமானி, சுழல்காற்றைக் கண்டதும் இறங்காமல் மேலே ஏறிச் சென்றதால் அதிலிருந்த பயணிகள் தப்பினார்கள். அருங்காட்சியகம் தப்பவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட பழைய விமானங்கள் முற்றிலும் நாசமாயின. தன்னார்வலர்கள் இருபது ஆண்டுகளாகச் சேர்த்தது, சில நிமிடங்களில் தகரக் குவியலானது.

நிறுத்தி வைத்திருக்கும் விமானம் காற்றில் ஏன் தூக்கி வீசப்படுகிறது? எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால், “காற்று பலமாக அடித்தது” என்று சொல்லும். அந்த இடத்தில்தான் நமக்குப் பாடம் தொடங்குகிறது. இறக்கைக்கு மேலெழும் விசை கிடைக்க, இறக்கைக்கும் காற்றுக்கும் இடையே சார்பு வேகம் இருந்தால் போதும். ஓடுபாதையில் விமானம் ஓடினாலும் சரி, நிற்கும் விமானத்தின் மீது காற்று ஓடிவந்தாலும் சரி, இறக்கைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு சிறிய பயிற்சி விமானம் மணிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. வேகத்தில் தரையை விட்டு எழும்பிவிடும். அந்தச் சுழல்காற்று ஃபுஜிட்டா அளவுகோலில் எஃப்-4 என்று மதிப்பிடப்பட்டது. அதாவது, மணிக்கு 330 கி.மீ.-க்கும் மேற்பட்ட வேகம். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. கயிறு கட்டி, முளை அடித்து நிறுத்திய விமானம் எப்படித் தாங்கும்? இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், இருமடி என்ற சொல்லைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

அதே சுழல்காற்றின் பாதையில் ஒரு தொடக்கப் பள்ளியும் இருந்தது. பொக்வானக் என்பது அந்த இடத்தின் பெயர். அன்றைக்குப் பள்ளி முன்னதாகவே விடப்பட்டதால் மாணவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆனால், சாரணர் இயக்கத்தைச் சேர்ந்த சிறுமியர் குழு ஒன்று பள்ளிக் கலையரங்கத்தில் கூடியிருந்தது. வெளியே நடப்பதைக் கவனித்த குழுத் தலைவி, சிறுமிகளை அரங்கத்திலிருந்து உள் நடைவழிக்கு அழைத்துச் சென்றார். அரங்கம் சிதைந்தது. அந்தக் குழுவில் ஒருவருக்கும் காயமில்லை.

விரிந்த கூரை கொண்ட பெரிய கூடம், நடுவில் தூண் இல்லாதது, சூறைக்காற்றில் எளிதில் விழும். அகலம் குறைந்த, சுவர்கள் நெருங்கிய உள்பகுதி தாக்குப்பிடிக்கும். விமானக் கொட்டகையும் அப்படி ஒரு பெரிய கூடம்தான். முகப்பு முழுவதும் அதற்குக் கதவு. அந்தக் கதவு பிய்ந்துவிட்டால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து நெம்பும். வெளியே வீசும் காற்று அதே கூரையை மேலே இழுக்கும். 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியபோது, மயாமிக்கு அருகே டாமியாமி விமான நிலையத்திலிருந்த ஒரு பழைய விமான அருங்காட்சியகத்துக்கு நடந்ததும் இதுதான். கட்டடம் சிதைந்தது, உள்ளே பத்திரமாக இருப்பதாக நினைத்த விமானங்களும் நொறுங்கின. ஆக, கூரை இருந்தால் மட்டும் போதாது. அது காற்றைத் தாங்கும் கூரையாக இருக்க வேண்டும். நம் பள்ளிகளிலும் தகரக் கூரை போட்ட பெரிய கூடங்கள் உண்டு. புயல் நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிச் சேர்ப்பது, எங்கே சேர்க்கக் கூடாது என்பதைத் தலைமையாசிரியரும் நாமும் முன்கூட்டியே பேசி முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

மறுபடியும் வின்ட்சர் லாக்ஸுக்கு வருவோம். அந்தத் தன்னார்வலர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அல்லது முதலிலிருந்து தொடங்கலாம். அவர்கள் தொடங்கினார்கள். சரியாக இரண்டே ஆண்டுகளில், 1981 அக்டோபரில், அதே விமான நிலையத்தை ஒட்டி வேறோர் இடத்தில் புதிய கட்டடத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் நியூ இங்கிலாந்து விமான அருங்காட்சியகம்.

கட்டடம் இரண்டு ஆண்டில் எழுந்தது. விமானங்களுக்கு அதைவிட நீண்ட காலம் பிடித்தது. அங்கே பி-29 ரக குண்டுவீச்சு விமானம் ஒன்று இருந்தது. அதன் இறக்கையின் மொத்த நீளம் ஏறத்தாழ 43 மீட்டர். மூன்று கபடி ஆடுகளங்களை நீளவாக்கில் அடுக்கினாலும் அதை எட்டாது. சுழல்காற்றில் அது கடுமையாகச் சேதமடைந்தது. அதைச் சீரமைத்து, அதற்கென்றே கட்டிய கூடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தது 2003-இல். கணக்குப் போடுங்கள்: கெடுத்தது சில நிமிடங்கள், சரிசெய்ய ஆனது 24 ஆண்டுகள். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீசியவை இதே ரக விமானங்கள்தான். “அப்படிப்பட்ட விமானத்தை ஏன் சார் பாதுகாக்கணும்?” என்று ஒரு பிள்ளை கேட்கலாம், கேட்க வேண்டும். பாதுகாப்பது வேறு, போற்றுவது வேறு. அழித்துவிட்டால், நடந்ததைப் பற்றிக் கேள்வி கேட்க ஒரு சான்று குறைந்துபோகும்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குவியலில் கிடக்கும் ஒவ்வொரு துண்டையும் முதலில் படம் எடுத்து, எண் எழுதி, பட்டியலில் சேர்ப்பார்கள். இது எந்த விமானத்தின் எந்தப் பகுதி என்று கண்டுபிடிப்பார்கள். இதை முடிக்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தூக்கி எறிவதில்லை. பிறகு ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து, தகடுகளைப் பிரிப்பார்கள். அலுமினியமும் எஃகும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் அரிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெவ்வேறு உலோகங்களுக்கு இடையே ஈரம் புகுந்தால் அது ஒரு சிறிய மின்கலமாகி உலோகத்தைத் தின்னும். நம் வேதியியல் பாடம்தான். இடது பக்கத் தகடு நசுங்கிப்போயிருந்தால், வலது பக்கத்தை அச்சு எடுத்து அதைத் திருப்பிப் போட்டுப் புதிய தகடு வெட்டுவார்கள். கணிதத்தில் நாம் சொல்லும் சமச்சீர்தான். கடைசியில் கை வேலை: தகட்டைத் தட்டித் தட்டி வளைவு கொண்டுவருவது. நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் கார் கதவை நிமிர்த்துபவர் செய்யும் அதே வேலை.

எல்லா விமானத்தையும் காப்பாற்ற முடியாது என்பதும் இந்த வேலையில் உண்டு. மீட்கவே முடியாத ஒன்றிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றி, மீட்கக்கூடிய இன்னொன்றுக்குப் பொருத்துவார்கள். எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் அங்கே கடினமான வேலை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். அந்த அருங்காட்சியகத்தில் வி.எஸ்.-44 என்றொரு பறக்கும் படகு இருக்கிறது. தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்பும் நான்கு எஞ்சின் விமானம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனெக்டிகட்டிலேயே சிகோர்ஸ்கி பிரிவில் கட்டப்பட்டவை மூன்றே மூன்று. எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பல கை மாறி, கரீபியன் தீவு ஒன்றில் சேதமடைந்து கரையில் கிடந்து, தின்பண்டக் கடையாகக்கூட இருந்த விமானம் இது. 1980-களில் கனெக்டிகட்டுக்கே திரும்பி வந்தது. 1987-இல் தொடங்கிய சீரமைப்புப் பணி சுமார் பத்து ஆண்டுகள் நடந்தது. வேலை செய்தவர்களில் பலர் ஓய்வு பெற்ற சிகோர்ஸ்கி தொழிலாளர்கள். அவர்களில் சிலர், இளமையில் இதே விமானத்தைக் கட்டியவர்கள்.

1942-இல் இருபது வயதில் ரிவெட் அடித்த ஒருவருக்கு 1987-இல் 65 வயது. வேலை முடியும்போது 75-ஐத் தாண்டியிருக்கும். இன்னும் பத்து ஆண்டு தள்ளிப்போட்டிருந்தால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வரைபடத்தில் அளவு இருக்கும். எந்த மூலையில் கை நுழையாது, எந்தத் தகட்டை முதலில் மாட்டினால் அடுத்தது பொருந்தும் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. செய்தவரின் கையில்தான் இருக்கும். அந்தக் கைக்குப் பக்கத்தில் இளையவர் ஒருவர் நின்று கற்காவிட்டால், அந்த அறிவு போய்விடும். புயலே தேவையில்லை.

இதை நம் பள்ளிக்குக் கொண்டுவருவோம். மூன்று செயல்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, பட்டியல். ஆய்வக அலமாரியில் உள்ள பழைய தராசு, நுண்ணோக்கி, மாதிரி எஞ்சின் ஆகியவற்றை மாணவர்களையே கொண்டு படம் எடுக்கச் செய்து, எண் கொடுத்து, என்ன பழுது என்று ஒரு வரி எழுதி வைப்போம். இருப்புப் பதிவேட்டில் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதுவதற்கு முன், ஏன் பயன்படவில்லை என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். பள்ளியின் பழைய பதிவேடுகளையும் படமெடுத்து, ஒரு படியை வேறோர் இடத்தில் வைப்போம். ஓட்டுக் கூரை ஒழுகும் அறைகளில் நம் ஊர்களின் வரலாறு நனைந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது, கைகள். உங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ரயில்வே ஃபிட்டர் இருப்பார். மோட்டார் காயில் கட்டுபவர், தறி பழுது பார்ப்பவர், லேத் பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவர் இருப்பார். அவரை மாதம் ஒருமுறை வானவில் மன்றச் செயல்பாட்டுக்கு அழைப்போம். மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், ஒரு பழுதான மின்விசிறியை அவர் முன்னால் வைப்போம். அவர் கழற்றட்டும், பிள்ளைகள் சுற்றி நிற்கட்டும். பாதுகாப்புக்கு நாம் பக்கத்தில் இருந்தால் போதும்.

மூன்றாவது, காலம். ஒரு பொருளை ஒரு பாடவேளைக்குள் சரிசெய்துவிட முடியாது. ஆறாம் வகுப்பில் பிரித்ததை எட்டாம் வகுப்பில் பூட்டினாலும் தவறில்லை. முடிக்காமல் போகும் பிள்ளை, அடுத்து வரும் பிள்ளைக்கு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும்: இதுவரை செய்தது இது, இனிச் செய்ய வேண்டியது இது. 24 ஆண்டுகள் நீண்ட ஒரு வேலை, தொடங்கியவர்கள் மட்டும் இருந்தா முடிந்திருக்கும்? ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் அறிந்துகொள்ள வழி இருந்தால்தான் இப்படிப்பட்ட வேலை முடியும்.

இவற்றுக்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு மேசை, ஒரு குறிப்பேடு, ஒரு பழுதான பொருள், அதை அறிந்த ஒரு பெரியவர் போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பள்ளி அலமாரியில் கண்டெடுத்த ஒரு பழுதான பொருளின் படத்தோடு வாருங்கள். சரியான பிறகு எடுத்த படமாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அதைப் பிரித்து வைத்திருக்கும் படமே போதும்.