ஸ்தல ஸ்தாபனமும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்விநிதி, மாணவர் விடுதி, திருமண மண்டபம் என்னும் இவை பற்றியே இம்மேடையில் ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய உங்கட்கு, இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதிதாகத் தோன்றலாம். குழாய், சாக்கடை, குப்பை, வீட்டுவரி என்பன ஒரு சமுதாய சங்கத்தில் ஆராயத்தக்க பொருள்களா என்று ஐயுறுவாரும் இருக்கக்கூடும். ஆராயத்தக்கனவே என்பது என் துணிபு. பிள்ளைகளின் படிப்பிற்கென்று ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள், கெட்ட தண்ணீரால் வந்த நோயில் ஒரே மாதத்திற் கரைந்து போவதுண்டு. அத்தகைய குடும்பத்திற்குச் சங்கம் அளிக்கும் உபகாரச் சம்பளம் எத்துணைப் பயன்படும்? ஆகவே, கல்வியை நாடும் சங்கம் சுகாதாரத்தையும் நாடுதல் வேண்டும். சுகாதாரத்தை நாடுவார் ஸ்தல ஸ்தாபனத்தின் வாயிலிற்சென்றே அதனைப் பெறுதல் வேண்டும்.

நம் நாட்டார்க்கு ஸ்தல சுயஆட்சி புதிதன்று என்று காட்டுதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களை எடுத்துரைப்பது மேடை வழக்கம். முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, குடவோலை முறையையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலிய குழுக்களையும் விரித்துரைக்கின்றன. அவற்றைப் புகழ்வார் பலர். அவற்றிற் கூறப்பட்ட இரண்டு செய்திகளைக் கூர்ந்து நோக்குவார் சிலரே. ஒன்று, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர் என்று விதித்திருப்பது. மற்றொன்று, அது பிராமணர் சபை என்பதும், நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடையார்க்கே அதில் இடமிருந்தது என்பதும். பெண்டிர்க்கும், உழுது உழைத்தார்க்கும் அங்கே ஓலை இல்லை. முதலாவதனை நாம் கைக்கொள்ளல் வேண்டும்; இரண்டாவதனைக் கடந்து வந்தமைக்கு மகிழ்தல் வேண்டும்.

இக்கால முறையின் வரலாறு சுருக்கமாக இது. 1865-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நகர அபிவிருத்திச் சட்டம் பிறந்தது. 1882 மே 18-ஆம் நாள் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் ஸ்தல சுயஆட்சிக்கு வித்திட்டது. அதன் பயனாக 1884-ஆம் ஆண்டில் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமும், ஸ்தல போர்டுகள் சட்டமும் ஏற்பட்டன. அந்நாளில் வரி செலுத்தும் சிலர்க்கே வாக்குரிமை. ஊரார் அனைவரின் பொருளால் நடந்த சாலையும் கிணறுங்கூட ஊரார் அனைவர்க்கும் பொதுவாய் இருக்கவில்லை. பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாச் சாதியார்க்கும் உரியன என்று சென்னைச் சட்டசபையில் ஆர். வீரையன் அவர்கள் 1924-ஆம் ஆண்டு ஒரு தீர்மானம் கொண்டுவரவேண்டியிருந்தது. ‘பொது’ என்னும் சொல்லுக்குப் பொருள் தேட ஒரு சட்டசபை வேண்டியிருந்தது என்பதனை, சாதிச் சங்கமாகிய நாம் சிறப்பாக நினைவிற்கொள்ளல் வேண்டும்.

பின்னர் 1993 ஜூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகர ஸ்தாபனங்கட்கு அரசியலமைப்பிலேயே இடந்தந்தது. குடிநீர், பொதுச் சுகாதாரம், சாலை, தெருவிளக்கு, சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு உட்பட 18 பொருள்கள் பன்னிரண்டாம் அட்டவணையிற் குறிக்கப்பட்டன. மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு என்றும், அது முடியுமுன் தேர்தல் நிறைவுற வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

விதி இவ்வாறிருக்க, நிகழ்ந்தது யாது? தமிழ்நாட்டு நகர மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவிக்கப்பட்ட தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் இரத்துச் செய்தது. அதன்பின் 2022 பிப்ரவரி 19-ஆம் நாள் வரையில் தேர்தல் நடைபெறவில்லை. அன்றுதான் 21 மாநகராட்சிகட்கும், 138 நகராட்சிகட்கும், ஏறத்தாழ 490 பேரூராட்சிகட்கும் வாக்கெடுப்பு நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலம் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். ஊரில் ஒரு நாள் மின்சாரம் நின்றால் வீதிக்கு வந்து கூவுகின்ற மக்கள், ஐந்தாண்டு மன்றமே இல்லாதிருந்தபொழுது பெரும்பாலும் வாளாவிருந்தனர். மன்றம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே என்று மக்கள் கருதத் தொடங்கின், அதனினும் பெருங்கேடு ஸ்தல சுயஆட்சிக்கு வேறில்லை.

இனி, நமது நாள்வாழ்விற்கு வருவோம். சிறுநகரின் முதற்கவலை தண்ணீர். கழிவுநீர்க் குழாய் இல்லாத, ஆனால் குடிநீர்க் குழாய் உள்ள ஊர்களில் ஆளொன்றுக்கு நாள்தோறும் 70 லிட்டர் வேண்டும் என்பது பொறியாளர் கொள்ளும் அளவு. 15,000 மக்கள் வாழும் ஒரு பேரூராட்சியை எண்ணிப்பாருங்கள். அதற்கு நாளொன்றுக்கு 10,50,000 லிட்டர் வேண்டும். இதில் ஐந்திலொரு பங்கு உடைந்த குழாயிலும், பழுதான வால்விலும் ஒழுகி வீணாகுமாயின், 2,10,000 லிட்டர் போயிற்று. அஃதாவது 3,000 பேருடைய பங்கு மண்ணிற் போயிற்று. புதிய திட்டத்திற்குக் கோடிக்கணக்கிற் பணங்கேட்கு முன், உள்ள ஒழுக்கை அடைத்தோமா என்று கேட்கும் ஊரே அறிவுடைய ஊர்.

மற்றொரு கேடும் உண்டு. தெருக்குழாயில் நேரே மின்மோட்டாரை வைத்துத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வார் பல ஊர்களில் உளர். வாய்க்காலின் தலைமடையில் இருப்பவன் மடையை அடைத்துக்கொண்டால் கடைமடை காய்வது உழவர் யாவரும் அறிந்ததே. குழாய்க்கும் அதுவே நியாயம். மோட்டார் உறிஞ்சும் வீட்டார் திருடுவது அரசாங்கத்தின் தண்ணீரை அன்று. தெருக்கோடியில் குடத்தோடு நிற்கும் ஏழைத் தாயின் தண்ணீரையே. அன்றியும், அவ்வாறு உறிஞ்சும்பொழுது குழாயின் வெடிப்புக்களின் வழியே சாக்கடைநீர் உட்புகுதலும் கூடும். வீட்டுக்குழாயில் வந்துசேரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சி நிற்றல் வேண்டும் என்பது தரவிதி. அதனைச் சோதித்தறிதல் சில நிமிட வேலை. நம்மில் எத்தனை பேர் அதனைச் சோதித்துக் காட்டுமாறு கேட்டிருக்கின்றோம்?

அடுத்தது சாக்கடை. இதிலேதான் நமது சங்கம் போன்றவற்றிற்கு ஒரு பெரிய சோதனை இருக்கின்றது. தேர்தல் வரும்பொழுது வேட்பாளர் சாதித்தலைவரை நாடி வருவதும், ‘எங்கள் தெருவிற்குச் சிமெண்டுச் சாலை, எங்கள் தெருவிற்குச் சாக்கடை’ என்று தலைவர் கேட்பதும், வென்றபின் அத்தெருவிற்கு மட்டும் அது கிட்டுவதும் நாட்டில் நடைபெறாத காரியங்களல்ல. அதன் விளைவைக் கருதுங்கள். தண்ணீர் சாதி பாராது, மேடுபள்ளமே பார்க்கும். ஒரு தெருவின் சாலையைப் பழைய சாலையின்மேலேயே ஓரடி உயர்த்திச் சாக்கடையும் கட்டி, அதன் கடைவாயை அடுத்த தெருவில் திறந்துவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழையில் அந்நீர் எங்கே செல்லும்? பள்ளத்தில் வாழ்வோர் வீட்டிற்குள் செல்லும். பள்ளத்தில் வாழ்வோர் எங்கும் எளியோரே. அங்கே தேங்கிய நீரிற் பிறந்த கொசுவோ, நன்றி மறவாது மேட்டுத் தெருவிற்கே திரும்பிவரும். ஆகவே, சாக்கடையைத் தெருத்தெருவாகக் கேட்டல் அறமும் அன்று, புத்திசாலித்தனமும் அன்று. வாட்டம் எங்கிருந்து எங்கே, முடிவில் நீர் சேருமிடம் எது என்று ஊர் முழுவதற்கும் ஒரு படம் வரைந்து கேட்டலே முறை.

கேட்கும் முறையும் அறியத்தக்கது. மன்ற உறுப்பினரிடம் வாய்ச்சொல்லாகச் சொன்ன குறை காற்றிற் கலந்துவிடும். எழுதிக்கொடுத்து, பெற்றமைக்கு ஒப்புகை பெற்ற மனு நிகழ்ச்சி நிரலில் ஏறும், மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகும், பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார், நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் கிடைத்தபின் ஒப்பந்தப்புள்ளி கோரப்படும், வேலை நடக்கும், செய்த வேலை அளவுப் புத்தகத்திற் பதியப்படும், அதன்படி பணம் வழங்கப்படும், இறுதியில் தணிக்கை நடைபெறும். இவ்வளவு படிகளில் எப்படியில் நமது மனு நிற்கின்றது என்று அறிந்தவனே அடுத்த படிக்கு அதனை நகர்த்த வல்லவன். அறியாதவன் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று தேநீர்க் கடையிற் புலம்புவான். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் தீர்மான நகலையும், மதிப்பீட்டையும், அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்டுப் பெறலாம். உத்திரமேரூரார் கேட்ட கணக்கு இதுவே. கேட்கும் உரிமைதான் இன்று அனைவர்க்கும் உரியதாயிற்று.

கணக்குக் கேட்பவன் முதலில் வரி செலுத்தியவனாய் இருத்தல் வேண்டும். சொத்துவரி அரையாண்டுதோறும் வருவது. 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி, அரையாண்டின் முதல் மாதத்திலேயே செலுத்துவோர்க்கு நூற்றுக்கு 5 வீதம், 5,000 ரூபாய்க்கு மேற்படாமல் ஊக்கத்தொகை உண்டு. வசதியுள்ளார் பலர் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்துவிட்டு, ஓட்டுவீட்டுக் கிழவி காலத்தில் வரி செலுத்துவதைக் காண்கின்றோம். நிலுவைதாரர் பட்டியலில் நமது சங்கத்தார் பெயர் இருக்குமாயின், அது நம் அனைவர்க்கும் இழுக்கேயாகும்.

இனி நான் கூறுவது சிலர்க்குக் கசக்கலாம், எனினும் கூறாதொழியேன். ஊரின் கழிவை அள்ளுவோர் யார்? மலத்தொட்டியையும் கழிவுநீர்க் குழியையும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்கிச் சுத்தம் செய்விப்பதனை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. அவ்வேலையில் இறந்தவர் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் மாதத்தில் தீர்ப்பளித்தது. அத்துணையும் இருந்தும் மனிதர் இறங்குகின்றனர், இறக்கின்றனர். அவர்களை அழைப்பது அரசாங்கம் மட்டுமா? வீட்டுக்காரரும் அழைக்கின்றனர். மலத்தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகட்கு ஒருமுறை இயந்திர வண்டியைக்கொண்டு எடுப்பித்தால் எவரையும் இறக்கவேண்டிய நிலை வாராது. எடுத்த கசடு ஏரிக்கரையிற் கொட்டப்படாமைக்கும் வழியுண்டு. செங்கற்பட்டு மாவட்டத்துக் கருங்குழி என்னும் சிறிய பேரூராட்சியில் 2017-ஆம் ஆண்டிலேயே கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. அயலிலுள்ள மதுராந்தகத்தின் கசடும் அங்கே சேர்கின்றது. கருங்குழிக்கு இயன்றது நம்மூர்க்கு இயலாதோ?

தாய்மார்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களிற் பாதி இடம் பெண்டிர்க்கென 2016-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டது. ஆயினும் உறுப்பினர் பெயர் மனைவியுடையதாகவும், குரல் கணவருடையதாகவும் இருக்கும் இடங்கள் உள. தண்ணீரின் அருமையைக் குடத்தின் எடையால் அறிந்தவர் நீங்கள். மன்றத்தில் அமர்வதும் பேசுவதும் கையொப்பமிடுவதும் நீங்களாகவே இருத்தல் வேண்டும். அன்றியும், வீட்டில் குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகட்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. பெயர் சூட்டு விழாவிற்குச் செலவிடும் சிரத்தையில் நூற்றிலொரு பங்கு இதற்குப் போதும்.

முடிவாக, நமது சங்கம் மேற்கொள்ளத்தக்க காரியங்கள் நான்கினைக் கூறி அமைகின்றேன்.

முதலாவது: ஒவ்வொரு கிளையிலும் இளைஞர் இருவரை நியமித்து, மன்றத் தீர்மானங்களையும் வரவு செலவுத் திட்டத்தையும் படித்து மாதந்தோறும் இப்பத்திரிகைக்கு எழுதச் செய்தல்.

இரண்டாவது: பகுதி சபை கூடும் ஊர்களில் தவறாது செல்லுதல். 2022 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் அச்சபைகள் முதன்முறையாகக் கூட்டப்பெற்றன. நாற்காலி வெறுமையாய் இருக்கும் சபையில் பேசுபவர்க்கே அனைத்தும் கிட்டும்.

மூன்றாவது: அங்கத்தினர் அனைவரும் வரிநிலுவை இன்றி இருத்தல், குழாயில் மோட்டார் வைத்திருப்போர் அதனை இன்றே அகற்றுதல்.

நான்காவது, எல்லாவற்றினும் தலையாயது: சங்கத்தின் பெயரால் நாம் அளிக்கும் எந்த மனுவிலும் நமது தெருவை மட்டும் குறித்துக் கேளாதிருத்தல். தண்ணீர் சென்று எட்டாத கடைசித் தெரு எதுவோ, அது எச்சமூகத்தாருடையதாயினும், அதனையே மனுவின் முதல் வரியில் எழுதுதல். கடைசித் தெருவிற்குக் குழாயில் நீர் போதிய விசையோடு சென்றால், வழியிலுள்ள தெருக்கள் அனைத்திற்கும் சென்றுதானே தீரும்? ஊரின் நன்மையும் நமது நன்மையும் ஒன்றே என்பதற்கு இதனினும் எளிய கணக்கு வேறில்லை.

சமுதாயத்தின் பெருமை அதன் மாநாட்டுக் கூட்டத்தால் அளக்கப்படும் காலம் போயிற்று. அது வாழும் ஊரில் கடைக்கோடி வீட்டுக் குழந்தை நோயின்றி வளர்கின்றதா என்பதே இனி அளவுகோல். அவ்வளவிற்கு உயர நம் அனைவர்க்கும் மனமும் முயற்சியும் உண்டாகுக.