மார்கழிக் குளிரும் தேங்காய் எண்ணெயும்



மார்கழி பிறந்ததும் மாட்டுங்காவில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஆண்டுதோறும் எழும் ஓர் ஐயத்தைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன். முதல்நாள் இரவு தெளிந்த நீர்போல் இருந்த தேங்காய் எண்ணெய், மறுநாள் விடியலில் வெண்ணிறக் கட்டியாகிப் புட்டியைவிட்டு வர மறுக்கிறது. உடனே, மெழுகு கலந்த சரக்கு என்று கடைக்காரரைக் கடிந்துகொள்வோர் உண்டு. கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடுவோர் உண்டு. புட்டியில் மட்டம் இறங்கியிருப்பதைக் கண்டு, அளவில் மோசம் என்று வழக்காடுவோரும் உண்டு. எண்ணெய் உறைந்தது என்பது இம்மூன்றில் எதற்கும் சான்றாகாது.

நீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்த எல்லை ஏறத்தாழ 24 டிகிரி. மும்பையின் சனவரி இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். 1962ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் சாந்தாகுரூசில் அது 7.4 டிகிரி வரை இறங்கியது. அங்ஙனமிருக்க, எண்ணெய் உறையாதிருந்தால் அன்றோ வியப்பு?

நல்லெண்ணெய் மட்டும் உறையாததேன் என்று கேட்கலாம். தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு, நிறைவுற்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றின் சங்கிலிகள் வளைவின்றி நீண்டிருத்தலால், குளிர்ந்ததும் பெட்டியில் அடுக்கிய தீக்குச்சிகளைப்போல் நெருங்கிப் படிகின்றன. நல்லெண்ணெயிலோ பெரும்பகுதி நிறைவுறா வகை. வளைந்த சங்கிலிகள் எளிதில் அடுக்கமைவதில்லை. ஆதலின் தில்லிக் குளிரிலும் நல்லெண்ணெய் ஓடும். அதே அலமாரியில் தேங்காய் எண்ணெய் கல்லாகி நிற்கும்.

உறையும்போது எண்ணெய் சற்றே சுருங்கும். மட்டம் இறங்குவது அதனால்தான். எடையில் குறைவிராது. இனி, உறைவதே தூய்மைக்குச் சான்று என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. குளிர்பெட்டியில் வைத்த எண்ணெயில் ஒரு பகுதி உறைய, மற்றொரு பகுதி தனியே ஓடி நின்றால், வேறு எண்ணெய் கலந்திருக்கலாம் என்று ஐயுறலாம். ஆனால், எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயும் தேங்காய் எண்ணெயைப் போலவே உறையும். எனவே முடிவு சொல்லவல்லது ஆய்வுக்கூடமே. கெட்ட எண்ணெயை மட்டும் வீட்டிலேயே அறியலாம். சிக்கு வாடை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, செய்யத்தக்கவை. குளிர்காலத்தில் குறுகிய கழுத்துள்ள புட்டியை விடுத்து, வாயகன்ற பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி வையுங்கள். உலர்ந்த கரண்டியால் வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஈரக் கரண்டி பட்டால் எண்ணெய் விரைவில் கெடும். உருக்க வேண்டின், மூடியைத் தளர்த்தி வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தைச் சிறிது நேரம் நிறுத்தினால் போதும். மூடிய தகரத்தையோ புட்டியையோ நெருப்பின்மீது வைத்தல் கூடவே கூடாது. அது வெடித்துத் தீவிபத்து நேரக்கூடும். பலர் பங்கிட்டுக்கொள்ளும் பெரிய தகரமாயின், முழுவதும் உருகியபின் கலக்கிப் பிரியுங்கள். பாதி உருகிய நிலையில் மேலே நிற்பதும் அடியில் தங்குவதும் ஒரே தன்மையன அல்ல.

உறையாமலே இருக்க வேண்டுமானால், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் சிறிது நல்லெண்ணெய் சேர்க்கலாம். சேர்க்கச் சேர்க்க உறையும் எல்லை தாழும். சமையலுக்கு அத்தொல்லை வேண்டாம். வாணலி காய்ந்ததும் கட்டி தானே உருகிவிடும்.

உறைந்து உருகுவதால் மட்டும் எண்ணெயின் குணம் குன்றுவதில்லை. ஊரைவிட்டு வந்த நமக்குத் தேங்காய் எண்ணெயின் மணம், விலை கொடுத்து வாங்கும் ஊர் நினைவு. குளிருக்கு அஞ்சி அதனைக் கொட்டிவிடாதீர்கள். கடைக்காரரோடு பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். வெயில் ஏறும்வரை சற்றே பொறுத்திருங்கள்.