பெயர் மறந்த ஒரு நாவல்

என்றோ படித்த நாவலொன்றின் பெயரும் ஆசிரியரும் ஒருவருக்கு மறந்துவிட்டன. எல்லாம் வல்ல அரசு, ஓயாத கண்காணிப்பு, அகப்பட்டுக்கொள்ளும் காதலர் இருவர். இவ்வளவே அவர் நினைவில் நிற்கின்றன. ஓர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' என்று கேட்டவர் உடனே விடை கூறுவர். அவசர விடை அது! இத்தகைய கதைகள் பலவற்றுக்கும் பொதுவான அடையாளங்களைக் கொண்டு எதனையும் துணிதல் இயலாது. வேறெங்கும் காணாத சிறு குறிப்பொன்றையே துருவிக் கேட்டல் வேண்டும். மாந்தர்க்குப் பெயரில்லை, எண்களே உண்டு. வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடி என்று அவர் சொல்வாராயின் ஐயமில்லை. அது ருஷ்ய எழுத்தாளர் சமியாத்தின் 1920, 1921ஆம் ஆண்டுகளில் எழுதிய 'நாம்'.

கப்பல் கட்டும் பொறியியலாளர் அவர். தாய்நாட்டில் அச்சேற விடப்படாத அந்நூல் 1924இல் நியூயோர்க்கில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஓர்வெல்லும் அதனைக் கேள்வியுற்றுச் சில ஆண்டுகள் காத்திருந்தவரே. பிரெஞ்சு மொழிபெயர்ப்பொன்று கைக்கு எட்டியபின், 1946 ஜனவரியில் அதற்கு மதிப்புரை எழுதினார். '1984' அதன் பின்னரே வெளிவந்தது. ஆதலின் வாசகர் மயங்குவதில் வியப்பில்லை. சோவியத் நாட்டிலோ 1988இலேதான் 'நாம்' அச்சேறிற்று. சமியாத்தின் பாரிஸில் காலமாகி அப்பொழுது 51 ஆண்டுகள் கழிந்திருந்தன.