கண்ணாடிப் பெட்டியும் கைபேசியும்

நம் ஊர்க் கடைத்தெருவில் புகைப்பட நிலையம் ஒன்று இருந்தால், அதன் வாயிலில் கண்ணாடிப் பெட்டி ஒன்றும் இருக்கும். மணக்கோலத்தில் ஓர் இளந்தம்பதி, தவழும் குழந்தை ஒன்று, கறுப்பங்கி அணிந்த பட்டதாரி ஒருவர், உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர், இவர்கள் எல்லாரும் அப்பெட்டிக்குள்ளிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வழிப்போக்கர் சற்றே நின்று, "இது இன்னார் வீட்டுப் பெண் அல்லவா?" என்று வியப்பர், பின்பு உள்ளே சென்று தமக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்வர். அத்தொழிலுக்கு அதுவே விளம்பரம்.

அந்தப் பெட்டி இன்று கைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. இன்ஸ்டாகிராம், பேஸ்புக், யூடியூப், வாட்ஸப் முதலிய சமூக ஊடகங்களே இந்நாளில் புகைப்படக் கலைஞரின் கடைவாயில். பழைய பெட்டியில் ஏழெட்டுப் படங்களே கொள்ளும். அத்தெருவில் போவோர் மட்டுமே அவற்றைக் காண்பர். புதிய பெட்டிக்கு அளவுமில்லை, எல்லையுமில்லை. நன்மை அதில்தான் இருக்கிறது; இடரும் அதில்தான் இருக்கிறது. தலைநகரில் இத்தொழிலை மேற்கொண்டுள்ள தமிழரை மனத்திற்கொண்டு இதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

தில்லியில் திருமணம் ஒரு பெருந்தொழில். சத்தர்பூர்ப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் இரவைப் பகலாக்கி நடைபெறும் விழாக்களைப் படமெடுக்கப் பெருங்குழுக்கள் இருக்கின்றன. சாந்தினி சௌக்கிலுள்ள கூச்சா சௌதுரி என்னும் சந்தில் நுழைந்தால், பணமுடைய எவரும் உயர்ந்த கேமராவோடு வெளியே வரலாம். ஆகவே கருவியின் பெருமையைப் பேசி இந்நகரில் எவரையும் கவர இயலாது. நம்மவரிடம் உள்ள முதல் வேறு. கரோல்பாகிலோ, முனிர்க்காவிலோ, மயூர் விகாரிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் தன் வீட்டுக் கல்யாணத்திற்குப் படமெடுப்பவரைத் தேடும்போது முதலில் கேட்பது, "இவருக்கு நம் சடங்கு தெரியுமா?" என்பதுதான். கெட்டிமேளம் முழங்கும் கணம் ஒன்றே. அதற்கு மறுமுறை கிடையாது. அப்போது எங்கே நிற்பது, அட்சதை தூவும் கைகள் மணமகள் முகத்தை மறைக்காதபடி எந்தப் பக்கம் ஒதுங்குவது, நாத்தனார் முடிச்சிடும் விரல்களை எப்படிப் பிடிப்பது என்பவை எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பவை அல்ல. குடையும் தடியுமாகக் காசி யாத்திரைக்குப் புறப்படும் மாப்பிள்ளையின் பொய்க் கோபத்தையும், அவரைத் தடுத்து நிறுத்தும் மாமனாரின் மெய்யான கவலையையும் ஒருசேரப் படமாக்கியவர், அந்த ஒரு படத்தை வெளியிட்டாலே போதும். நூறு சொற்களில் தம்மைப் புகழ்ந்துகொள்ள வேண்டியதில்லை. படத்தின் கீழே சடங்கின் பெயரையும் பகுதியின் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரியில் எழுதினால், தேடுவோர் கண்ணில் அது படும்.

பஞ்சாங்கமும் நமக்குத் துணை செய்கிறது. வடநாட்டு இந்துக் குடும்பங்களிற் பல சாதுர்மாசம் என்னும் நான்கு மாதங்களில் திருமணம் செய்வதில்லை. கார்த்திகை வளர்பிறை ஏகாதசியில் திருமால் துயிலெழுந்த பின்னரே அங்குக் கொட்டுமேளம். நமக்கோ ஆடி கழிந்தால் ஆவணி. தில்லியின் பெருங்குழுக்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆவணியில் தமிழ்க் கலைஞருக்கு வேலை உண்டு. ஆனால் ஆவணி முகூர்த்தத்திற்கு ஆளை ஏற்பாடு செய்யும் குடும்பம் வைகாசியிலேயே தேடத் தொடங்கிவிடும். சென்ற ஆண்டுத் திருமணப் படங்களை அப்பொழுது வெளியிடுவதே காலமறிந்த செயல். மார்கழியில் இரு சாராருக்கும் ஓய்வு, கணக்கைச் சீர்செய்யலாம்.

கடைக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு நயம் வேண்டும். இந்தியாவில் செய்திப் புகைப்படக் கலையில் புகழ்பெற்ற முதல் பெண்மணியான ஹோமாய் வியாரவாலா 1942இல் தில்லிக்கு வந்து பல ஆண்டுகள் இங்கே பணியாற்றினார். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரிலேயே அச்சாயின. பின்னர் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'டால்டா 13'. பிறந்த ஆண்டு 1913. வருங்காலக் கணவரைச் சந்தித்தது 13ஆம் வயதில். அவருடைய காரின் எண்பலகையிலோ டி.எல்.டி. 13. ஒருமுறை கேட்டால் மறக்க இயலாத பெயர்! இன்று இன்ஸ்டாகிராமில் பெயர் தேடித் திண்டாடுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஐந்தாறு எழுத்துகளையும் அடிக்கோடுகளையும் எண்களையும் பிணைத்து வைத்த பெயரை எந்த மாமியும் இன்னொரு மாமிக்குச் சொல்லி அனுப்ப முடியாது.

2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தோன்றியபோது அது நிழற்படங்களுக்கே உரியதாய் இருந்தது. 2020இல் ரீல்ஸ் என்னும் குறும்படங்கள் வந்தபின், அசையும் படமே அங்கு முன்னிற்கிறது. அறியாதோரை எட்ட அது உதவும். அறிந்தோர் வட்டத்திற்கு வாட்ஸப்பே சிறந்தது. தில்லித் தமிழரிடையே வேலை பெரும்பாலும் ஒருவர் வாய்ச்சொல்லால் மற்றொருவருக்குக் கிடைப்பதன்றோ? குறும்படத்திற்குத் திரைப்பாடலை இணைக்கும்போது எச்சரிக்கை தேவை. தனிமனிதர் கணக்கில் கிடைக்கும் பாடல்கள் பல, வணிகக் கணக்குக்கு அனுமதிக்கப்படுவதில்லை. அந்தக் கல்யாணத்திலேயே ஒலித்த நாகஸ்வரத்தை, வாசித்தவரின் இசைவுடன் பதிவு செய்து சேர்ப்பது எவ்வளவோ மேல்! பணம் கொடுத்துப் பின்தொடர்வோரை வாங்குவாரும் உளர். வாங்கிய கூட்டம் கல்யாணத்திற்கு அழைக்குமா என்ன?

இனி, இவை எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். நாம் விளம்பரம் செய்வது எதனை? பிறர் முகத்தை. துணிக்கடைக்காரர் தம் துணியைக் காட்டுகிறார். பலகாரக் கடைக்காரர் தம் பலகாரத்தைக் காட்டுகிறார். புகைப்படக்காரர் மட்டுமே இன்னொருவர் வீட்டுப் பெண்ணைக் காட்டித் தம் தொழிலை வளர்க்கிறார். கண்ணாடிப் பெட்டிக் காலத்திலும், "எங்கள் பெண்ணின் படத்தை எடுத்துவிடுங்கள்" என்று தகப்பனார் வந்து கேட்பதுண்டு. எடுத்துவிட்டால் தீர்ந்தது. இன்றோ ஒருமுறை வெளியிட்ட படம் எத்தனை கைபேசிகளில் பதிந்ததென்று வெளியிட்டவருக்கே தெரியாது.

சட்டத்தின் நிலையும் பலர் எண்ணுவதற்கு மாறானது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொள்ள அவரிடம் பணம் பெற்று எடுத்த புகைப்படத்திற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர். "நான் எடுத்த படம், ஆகவே என்னுடையது" என்னும் வாதம் அங்கே செல்லாது. முன்பணம் வாங்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கொள்ளுதல் வேண்டும்: பதிப்புரிமை யாருக்கு, எந்தெந்தப் படங்களை, எந்தெந்தத் தளங்களில், விளம்பரத்திற்குப் பயன்படுத்தலாம், பின்னர் வேண்டாமென்றால் எத்தனை நாளில் நீக்கப்படும். மணமகளின் கையொப்பமும் அதில் இருக்கட்டும். தந்தையின் சம்மதம் மகளின் சம்மதமாகாது. குழந்தைகளின் படமென்றால் பெற்றோர் இசைவின்றித் தொடவே கூடாது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதோர் பற்றிய தரவுகளுக்குப் பெற்றோரின் ஒப்புதலையே வேண்டுகிறது.

இதனால் வாடிக்கை குறையும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு பழைய செய்தி. ராஜா தீன் தயாள், 1892இல் ஹைதராபாதில் பெண்களுக்கெனத் தனிப் புகைப்பட நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அங்குப் படமெடுத்தவரும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணியே. ஆடவர் கண் படாது என்னும் உறுதியே அங்கு விளம்பரமாயிற்று. பர்தாவைக் கைவிடாத குடும்பத்துப் பெண்களும் அங்கே வரத் தயங்கவில்லை. "நீங்கள் சொன்னாலொழிய உங்கள் படம் வெளியே போகாது" என்று தம் பக்கத்தின் முகப்பிலேயே எழுதிவைக்கும் கலைஞரை இன்றைய பெண்களும் தேடி வருவர் என்பது என் கருத்து.

மற்றொன்று. இத்தளங்கள் எல்லாம் பிறர் நிலம். 2020 ஜூன் 29இல் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதனையே நம்பிக் கடை விரித்திருந்தோர், பல இலட்சம் பேர் பின்தொடர்ந்தும், அவர்களுள் ஒருவரையும் அங்கு அழைக்க வழியின்றி நின்றனர். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், திருமண நாள் ஆகியவற்றை அவர்கள் இசைவுடன் நம் ஏட்டில் எழுதி வைப்பது இதனால்தான் அவசியமாகிறது. மூலப் படங்களையும் தனியே காத்தல் வேண்டும். தளங்கள் படத்தைச் சுருக்கியே வைத்துக்கொள்கின்றன. கன்னாட் பிளேசின் மகாட்டா நிலையத்தைச் சேர்ந்த மதன் மகாட்டா, 1950களிலிருந்து தில்லியில் எழும்பிய புதுக் கட்டடங்களைப் படமெடுத்துவந்தார். அந்தப் படச்சுருள்கள் பத்திரமாக இருந்தமையால் 2012இல் கண்காட்சி வைக்க முடிந்தது. நம்முடைய கல்யாணப் படங்களுக்கு இரண்டு வன்தட்டுகள் போதும். ஒன்று கடையில் இருக்கட்டும், மற்றொன்று வீட்டில். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ரயிலில் ஏற வேண்டாம்.