தூரிகை படக்கூடாத இடம்



ஒளிப்படத்தை ஓவியமாக்கும் ஆசை கணினிக்கு முந்தியது. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார், அதற்கு முன்னரே இங்கிலாந்தில் முகங்களைச் சற்று மங்கலாகப் படம் பிடித்தவர். தெளிவு போதாதென்று அன்றைய விமர்சகர்கள் குறை கூறினர். அவரோ எதனை மங்கலாக்குவதென்று தாமே தெரிவு செய்தார்.

2012இல் போட்டோஷொப்பில் தைல வர்ணக் கருவியொன்று சேர்ந்தது. என் தந்தையார் வாசற்படியில் அமர்ந்து நாயின் காதைத் தடவும் படமொன்றை அதனிடம் கொடுத்தேன். படமெடுத்ததை அவர் அறியார். கருவி சுவர், சட்டை, கன்னம், நாயின் உரோமம் எல்லாவற்றிலும் ஒரே தூரிகையை இழுத்தது. படம் அழகாயிருந்தது, அப்பா அதில் இல்லை.

சுவரையும் தரையையும் மட்டும் வர்ணத்துக்கு விட்டேன். இருவரது கண்களையும், தடவும் அந்தக் கையையும் மூலப்படத்தில் உள்ளவாறே மீட்டு வைத்தேன். நாய் மீண்டும் அவரைப் பார்த்தது.

தன்னை எவரோ பார்க்கிறார் என்றறியாத முகத்தில் ஓர் உண்மை குடியிருக்கிறது. அழகின் பெயரால் அதனை அழித்துவிடாதீர்கள். மூலப்படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.