நாலாவது வருஷமும் தாராவியும்

(நம் சங்கத்தின் பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை. சற்றே சுருக்கப்பட்டது.)



"புது நாலு வருஷ டிகிரி பற்றி இருபது நிமிஷம் பேசுங்கோ, அதற்கு மேல் வேண்டாம், டிபன் ஆறிப்போய்விடும்" என்று காரியதரிசி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் முப்பது வருஷத்துக்கு மேல் காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன். ஆகவே நடுநடுவே எண்கள் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் விதிகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டப்படி மூன்று வருஷம் படித்தால் சாதாரண டிகிரி. நாலாவது வருஷமும் படித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நாலாவது வருஷத்தில் ஆராய்ச்சி செய்து, 'ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்' பட்டம் வாங்கலாம். மொத்தம் 160 கிரெடிட், அதில் ஆய்வேட்டுக்கு 12. மகாராஷ்டிராவில் தன்னாட்சிக் கல்லூரிகள் 2023-24லும், மற்றக் கல்லூரிகள் 2024-25லும் இதற்கு மாறின. இதோடு சமூகப் பணிக்கும் கிரெடிட் உண்டு. ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டரில் சுமார் 30 மணி நேரம். இரண்டு கிரெடிட் என்றால் 60 மணி நேரம் பையனோ பெண்ணோ காலேஜ் காம்பவுண்டுக்கு வெளியே, மனிதர்கள் நடுவில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் எம்.எஸ். பண்ண நாலு வருஷ டிகிரி சௌகரியமா என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். சௌகரியம்தான். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவோம். நான் பேச வந்தது அந்த 60 மணி நேரத்தைப் பற்றி.

சேவை நம் காலேஜ்களுக்குப் புதிதல்ல. காந்தி நூற்றாண்டு நடந்த 1969ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு என்.எஸ்.எஸ். ஆரம்பமானது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை. பம்பாய் யூனிவர்சிடியில் அதற்கு 10 கிரேஸ் மார்க் உண்டு. இங்கே இருக்கும் அப்பாக்களில் சிலர் அந்தப் பத்து மார்க்கினால்தான் பி.காம். முடித்தார்கள் என்பது எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். செயின்ட் சேவியர்ஸ் காலேஜில், இந்தப் புதுக் கொள்கை வருவதற்கு வெகு காலம் முன்பே, ஒவ்வொரு மாணவரும் 60 மணி நேரம் சமூகப் பணி செய்தாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆனால் பொதுவாக, சேவை என்றால் ஒரு பக்கம் ரத்ததான முகாம், மரம் நடுதல். ஆராய்ச்சி என்றால் இன்னொரு பக்கம் லைப்ரரி என்றுதான் இருந்தது. இப்போது இரண்டும் ஒரே டிகிரியில் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பண்ணினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

அதற்கு முன் ஒரு கசப்பான விஷயம். "சார், சங்கத்து லெட்டர்ஹெட்டில் 60 மணி நேரம் சேவை செய்தான் என்று ஒரு லெட்டர் கிடைக்குமா?" என்ற கேள்வி நம் ஊரில் எந்தச் சங்கத்துக்கும் புதிதல்ல. குழந்தை ராமநவமி உற்சவத்தில் இரண்டு நாள் பானகம் விநியோகம் செய்திருப்பான். அது 60 மணி நேரமாக வளர்ந்துவிடும். பானகம் கொடுப்பது புண்ணியம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது நம்மவர்களுக்கு நாமே செய்துகொள்வது. அந்த லெட்டரில் கையெழுத்துப் போட்டால், பையன் காலேஜில் கற்றுக்கொள்ளும் முதல் ஆராய்ச்சி முறை பொய்க்கணக்கு எழுதுவதாக ஆகிவிடும்.

இப்போது எண்கள். 2020 ஜூலையில், கொரோனா நேரத்தில், நகராட்சியும் நிதி ஆயோகும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து மும்பையில் ஒரு ரத்தப் பரிசோதனை சர்வே நடத்தினார்கள். மூன்று வார்டுகள்: மாட்டுங்கா இருக்கும் எஃப் நார்த், செம்பூர் இருக்கும் எம் வெஸ்ட், அப்புறம் தஹிசர். கிட்டத்தட்ட 7,000 பேரின் ரத்தம். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்குக் கிருமி ஏற்கெனவே வந்து போன அடையாளம் இருந்தது. அதே வார்டுகளில் ஃப்ளாட்களில் இருந்தவர்களுக்கு 16 சதவீதம். ஒரே வார்டு, ஒரே மார்க்கெட், ஒரே தண்ணீர்க் குழாய். நெருக்கமும், பொதுக் கழிப்பறையும், பொதுக் குழாயும்தான் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலைக்காரம்மா வரவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு இந்த இரண்டு எண்களே பதில்.

செம்பூர்க்காரர்களுக்கு இன்னொரு எண். 2009ல் வெளிவந்த மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் கோவண்டி, மான்குர்த், தேவ்னார் அடங்கிய எம் ஈஸ்ட் வார்டுக்குக் கிடைத்த மதிப்பு, ஒன்றுக்கு 0.05. நகரத்திலேயே கடைசி. வேடிக்கை என்னவென்றால், 1936ல் நாக்பாடாவில் ஆரம்பித்து 1954ல் தேவ்னாருக்கு வந்த டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதே வார்டில்தான் இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அங்கே உட்கார்ந்து ஊர் உலகத்தையெல்லாம் ஆராய்ந்துவிட்டு, 2011ல் தன் வாசலையே பார்ப்பது என்று முடிவு செய்து அந்த வார்டில் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். நிறுவனத்துக்கே அவ்வளவு காலம் ஆயிற்று என்றால் நமக்கு ஆகாதா?

சரி, தாராவிக்கு வருகிறேன். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தொண்ணூறு அடி ரோடு இரண்டு மைல்கூட இராது. அங்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த குடும்பங்கள் மூன்று நாலு தலைமுறையாக இருக்கின்றன. அங்குள்ள பிள்ளையார் கோயில் 1913ல் கட்டப்பட்டது. நம் மாட்டுங்காவின் பெருமையான எஸ்.ஐ.இ.எஸ். தோன்றியது 1932ல். பம்பாய்த் தமிழர்களில் யார் சீனியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நம் குழந்தைகளுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. கூடவே ஒரு குறையும் இருக்கிறது. அவர்களுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. தாராவியில் முனிசிபல் ஸ்கூலில் தமிழ் மீடியம் படிக்கும் பெண்ணுக்கு நன்றாக எழுதவும் வரும். ஆகவே கேள்வித்தாளைத் தமிழில் தயார் பண்ணும்போது யார் யாருக்குச் சொல்லித்தர வேண்டும்? அந்தப் பெண்ணை 'பயனாளி' என்று எழுதாமல், சக ஆய்வாளர் என்று ஆய்வேட்டில் பெயர் போட்டு எழுத வேண்டும். நம் அகத்துத் தமிழில் "ஜலம் எப்போ வரும்?" என்று கேட்டால் அங்கே சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதிலேயே பாதித் தயக்கம் போய்விடும்.

அடுத்தது கேள்வி கேட்கும் முறை. இதைக் குழந்தைகள் கவனமாகக் கேட்க வேண்டும். தாராவியில் சர்வே என்பது சாதாரண வார்த்தை அல்ல. சீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்னால் தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு அத்தாட்சி உள்ளவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது விதி. பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் விதி வேறு, இடமும் வேறு. அப்படிப்பட்ட தெருவில் கழுத்தில் அடையாள அட்டையோடு நீங்கள் போய், "இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்? மாடியில் யார்?" என்று கேட்டால் என்ன ஆகும்? தாராவியில் 2000க்குப் பிறகு வந்தவர் ஒருவர்கூட இல்லை என்று உங்கள் ஆய்வு நிரூபித்துவிடும்! அவர்கள்மேல் தப்பில்லை. வீடு போகிற விஷயத்தில் யார் காலேஜ் பையனிடம் உண்மை பேசுவார்கள்? உங்கள் ஆய்வுக்குத் தேவையில்லாத கேள்வியைக் கேட்கவே கூடாது. பெயர், வீட்டு எண் எழுதக்கூடாது. எழுதினால் அந்தக் காகிதம் யார் கைக்குப் போகும் என்று உங்களால் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

பின்னே எதைக் கேட்பது? 'தாராவியில் சுகாதாரம் – ஓர் ஆய்வு' என்ற மாதிரித் தலைப்புகள் எனக்கு அலர்ஜி. 60 மணி நேரத்தில் யாரும் தாராவியை ஆராய முடியாது. ஒரு சந்து, ஒரு பொதுக் கழிப்பறை, ஒரு கேள்வி போதும். உதாரணமாக, காலை 5 மணியிலிருந்து 9 மணிவரை பெண்கள் பக்கம் வரிசையில் எத்தனை பேர் எத்தனை நிமிஷம் நிற்கிறார்கள்? எத்தனை கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது? இருட்டிய பிறகு விளக்கு எரிகிறதா? 'கழிப்பறை உண்டா, இல்லையா' என்று கட்டம் போட்டு டிக் அடித்தால் 'உண்டு' என்று வரும். தாழ்ப்பாளை எண்ணினால்தான் அது ராத்திரியில் ஒரு பெண்ணுக்கு உண்டா என்று தெரியும். எண்ணுவதற்கு முன் அங்குள்ள பெண்களிடமே போய், எதை எண்ணினால் உபயோகம் என்று கேட்பது இன்னும் நல்லது.

நல்ல கேள்வி வேலை செய்யும் இடத்திலிருந்துதான் வரும். நம் சயான் ஆஸ்பத்திரியிலேயே உதாரணம் இருக்கிறது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989ல் தாய்ப்பால் வங்கி ஆரம்பித்தார். ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள். புட்டிப்பால் குடித்த குறைமாதக் குழந்தைகள் தொற்று வந்து போவதைப் பார்த்துப் பார்த்து எழுந்த யோசனை அது. ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே காரியம் கெட்டுப்போகிறது என்று தோன்றியதால், 1999ல் ஸ்னேஹா என்ற அமைப்பை ஏற்படுத்தினார்; அது தாராவியில் தாய் சேய் நலப் பணி செய்துவருகிறது. இதில் எங்கே சேவை முடிந்து எங்கே ஆராய்ச்சி ஆரம்பித்தது என்று கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதி காலேஜுக்கு, ஒரு பிரதி அமெரிக்க யூனிவர்சிடி விண்ணப்பத்துக்கு. சரி. அந்தச் சந்துக்கு? ஒரே பக்கத்தில், தமிழிலும் ஹிந்தியிலும் மராத்தியிலும், என்ன தெரிந்தது என்று எழுதி, அவர்கள் கையில் கொடுத்து, தப்பு இருந்தால் திருத்தச் சொல்ல வேண்டும். அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வார்டு ஆபீஸுக்குப் போவதும் போகாததும் அவர்கள் இஷ்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்கு முகம் சுருங்கலாம். இந்த இரண்டு மைல் தூரம் வெறும் தூரம் அல்ல, அதில் சாதியும் இருக்கிறது. நம் பேச்சைக் கேட்ட இரண்டாவது நிமிஷத்தில் நாம் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களுடைய தாத்தாக்கள் ஊரில் எந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டார்கள் என்பதும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைப் பேசிச் சரிக்கட்ட முடியாது. ஆனால் டீ கொடுத்தால் குடிக்க வேண்டும். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். "வயிற்றுக்கு ஒத்துக்காதுடா, பாட்டில் எடுத்துண்டு போ" என்று சொல்லும் பாட்டிகளுக்கு என் வேண்டுகோள்: டீ கொதிக்கவைத்துத்தான் போடுகிறார்கள்.

காரியதரிசி மணியைப் பார்க்கிறார். சங்கத்துக்கு இரண்டு யோசனைகளோடு முடிக்கிறேன். ஒன்று, சேவை லெட்டர் கொடுப்பதாக இருந்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வேலை என்று எழுதிய டைரியைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். இரண்டு, நம்மில் ரிசர்வ் பேங்க், பி.ஏ.ஆர்.சி., எல்.ஐ.சி. என்று ரிட்டயரான எண்ணிக்கைப் புலிகள் நிறைய இருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இந்த ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பசங்கள் கொண்டுவரும் கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். தாராவியிலிருந்து வரும் மாணவர்களும் அதே மேஜையில் உட்காரட்டும். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். வேறு யார் வருகிறீர்கள் என்று டிபனுக்குப் பிறகு பெயர் கொடுங்கள்.